முழுச்சாவி

பயிர் காய்ந்துபோனால் அறுத்து மாட்டுக்குப் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நொச்சிக்குளத்தில் அந்த வருஷம் அது முடியாது. காய்ந்த பயிர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். சர்க்கார் ஆள் வந்து கண்ணால் பார்த்து, ‘சாவி’ என்று எழுதிக்கொண்டு போகிறவரை அதில் அரிவாள் படக்கூடாது, மாட்டு வாய் படக்கூடாது. மணி பிடிக்காமல் வெறும் உமியாய்ப் போன கதிருக்குத்தான் சாவி என்று பெயர். வயல் முழுக்கச் சாவி என்று எழுதிவிட்டால் அந்த வருஷத்து நிலத்தீர்வையைச் சர்க்கார் தள்ளிக் கொடுக்கும். அதற்கு வஜா என்பார்கள். பாதிச் சாவி, முக்கால் சாவி என்ற பேச்செல்லாம் தாலுகா கச்சேரியில் எடுபடாது. கொஞ்சம் விளைந்தாலும் விளைந்ததுதான். தீர்வையை முழுசாகக் கட்ட வேண்டும்.

ஜார்ஜ் ராஜா டெல்லியில் முடிசூட்டிக்கொண்டார் என்று மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுத்தார்களே, அந்த வருஷம். தாமிரபரணியில் தண்ணீர் ஓடத்தான் செய்தது. ஆனால் மேலே இருக்கிற மடைக்காரர்கள் எல்லாம் வாய் வைத்துக் குடித்த பிறகு, கால்வாயின் கடைசியில் திருச்செந்தூர்ப் பாதையோரம் கிடக்கிற நொச்சிக்குளத்துக்கு என்ன வந்து சேரும்? ஐப்பசியில் ஒரு தரம் குளம் பாதி நிறைந்தது. அதை நம்பிப் பிசான நெல்லை நட்டார்கள். மழை வரும் என்று கார்த்திகை முழுக்க வானத்தைப் பார்த்தார்கள். மார்கழியில் வந்தது வெறும் பனிதான். தை பிறந்தபோது குளத்துக்குள்ளே ஆடு மேய்ந்தது.

இஸ்ரவேலின் வயல் கடைசி மடையில் இருந்தது. கடைசி மடையிலும் கடைசி. மணி பிடித்த கதிர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும், காற்றடித்தால் பெரிதாகச் சத்தம் காட்டாது. சாவிதான் நிமிர்ந்து நின்று சலசலக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே இஸ்ரவேலின் பெண்டாட்டி சாலோமிக்கு எரிச்சலாக வரும். விளையாததுக்கு இந்தப் பவுசு வேறா என்று வாய்விட்டே திட்டுவாள்.

இஸ்ரவேலோ விளைந்த வயலைக்கூட அப்படிக் காத்ததில்லை. பகலெல்லாம் வரப்பிலேயே கிடந்தான். ஊர் மாடுகள் பசி தாங்காமல் எந்தப் பக்கமாவது புகுந்துவிடப் பார்த்தன. அவனுடைய சொந்த உழவுமாடுகள் இரண்டும் பூவரசங்குழையைத் தின்று கழிந்து, எலும்பு எண்ணிப் பார்க்கிற மாதிரி நின்றன. அவற்றைக் குளத்துக்கு ஓட்டிப் போகிறபோது வயலுக்கு நேராக வந்ததும் இரண்டும் நின்றுவிடும். அவன் கயிற்றைப் பிடித்து இழுப்பான். அவை நகராது. கடைசியில் அடிப்பான். அடித்துவிட்டு, அடித்த இடத்தைத் தடவிக் கொடுப்பான்.

“வைக்கோலு நிக்கி, மாடு பட்டினி கெடக்கு. இது எந்த ஊரு நியாயம்?” என்பாள் சாலோமி.

“நியாயத்தப் பாத்தா நெலம் போயிரும்ட்டி. போன வருஷத்துத் தீர்வையே நிலுவைல நிக்கி. இதுவும் சேந்துச்சுன்னா ஜப்திதான். சின்னையன் வயலு ஏலத்துல போச்சுலா, அவன் இப்ப எங்கன கெடக்கான்? கண்டில தேயிலைக்கு மண்ணு வெட்டுதான். உயிரோட இருக்கானா செத்தானான்னு ஒரு சேதி கெடயாது.”

சின்னையன் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, தூத்துக்குடி போகிற வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனதைச் சாலோமி பார்த்திருக்கிறாள்.

மாசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. அறுப்பு இல்லாவிட்டாலும் பண்டிகை உண்டு. சபையார் தேங்காய், கருப்பட்டி, கோழி, முருங்கைக்காய் என்று இருந்ததைக் கொண்டுவந்து மிஷன் கோயிலில் படைப்பார்கள். இஸ்ரவேலின் தகப்பனார் ஞானஸ்நானம் பெற்ற காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு பாத்தியதை இருந்தது. முதற்கதிர் அவர்களுடையதுதான். வயலில் முதன்முதலாக எடுக்கிற கதிரைக் கட்டி, வீட்டுப் பெண்பிள்ளை கொண்டுபோய், ஆராதனை நடத்துகிற உபதேசியார் கையில் கொடுப்பாள். அவர் அதைப் பீடத்துக்குப் பக்கத்துத் தூணில் மாட்டுவார். அடுத்த அறுப்புவரை அது அங்கேயே தொங்கும்.

“இந்த வருஷம் என்னத்தக் கொண்டுபோக?” என்றான் இஸ்ரவேல். “அந்தச் செவலைச் சேவலப் புடிச்சுக் கொடுத்துட்டு வா.”

“சேவலு எல்லாரும் கொடுப்பாவ. நம்ம வீட்டுக்குக் கதிருதான்.”

“சாவியக் கொண்டுபோயி ஆண்டவருக்கு முன்னால வைக்கப் போறியா?”

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவளுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. விடிந்ததும் வயலுக்குப் போனாள். ஒவ்வொரு கதிராகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து நசுக்கிப் பார்த்தாள். உமி, உமி, எல்லாம் உமி. வெடித்த மண்ணில் கால் இடறி நகம் பெயர்ந்தது. வெயில் ஏறிய பிறகு, மடைவாய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் ஈரம் நின்ற இடத்தில், ஒரு கதிர் விரலுக்குக் கெட்டியாக அகப்பட்டது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் பனைமர நிழல் விழுகிற வரப்போரத்தில் ஒன்று, எலி வளை மேட்டில் ஒன்று என்று தேடித் தேடி, பொழுது சாய்கிறபோது ஒரு சிறுபிடி சேர்த்துவிட்டாள். பனைநாரால் கட்டினாள்.

இஸ்ரவேல் அதைப் பார்த்துப் பதறிப்போனான். “அடிப்பாவி, அரிவாள வச்சியா?”

“அரிவாள நான் தொடவே இல்ல. நெகத்தால கிள்ளுனேன். நீங்க வேணா போயிப் பாருங்க, தாளு அப்படியே நிக்கி.”

அவன் போய்ப் பார்த்தான். தாள் நின்றது. வயலைப் பார்த்தால் யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. சமாதானமாகித் திரும்பி வந்து, “பெரிய கெட்டிக்காரிதான்” என்றான். அந்தக் கதிரில் இருந்த நெல்லைப் பற்றி அவனும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

பண்டிகையன்று உபதேசியார் அப்பாத்துரை அந்தப் பிடிக் கதிரைக் கையில் வாங்கிக்கொண்டார். இளகின மனசுக்காரர். அழவேண்டிய இடம் வந்தால் சபையாருக்கு முன்னால் அவர் அழுதுவிடுவார். “பஞ்சத்திலும் இந்தச் சகோதரி கர்த்தருக்கு நல்லதைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறாள்” என்று சொல்லி, “இது உன் வயலின் முதற்பலன்தானா?” என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். “எங்கள் வயலின் முதற்பலன்” என்று சாலோமி வழக்கமான பதிலைச் சொன்னாள். வருஷா வருஷம் சொல்கிற வார்த்தைதான். அந்த வருஷம் சொன்னபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கலியாணத்தன்றுகூட அவள் அப்படித் தலைநிமிர்ந்து நின்றதில்லை.

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒருநாளில் ரெவினியூ இன்ஸ்பெக்டர் முகம்மது இப்ராஹிம் மட்டக்குதிரையில் வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்து மனுஷர். கணக்குப்பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். கோயிலுக்கு முன்னால் வேப்பமரத்து நிழலைக் கண்டதும் இன்ஸ்பெக்டர் குதிரையை நிறுத்தினார். அப்பாத்துரை பானைத் தண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்.

“ஊரு எப்படி இருக்கு, உபதேசியாரே?”

“என்னத்தச் சொல்ல? கூழும் பனங்கெழங்குமா ஓடுது. கெழங்கும் தீந்துபோச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும்யா, விசுவாசம் கொறையல. இந்தக் காஞ்ச வருஷத்துலயும் கடைசி மடை இஸ்ரவேலு பெண்டாட்டி கோயிலுக்கு முதற்கதிரு கொண்டாந்துட்டா, பாத்துக்கிடுங்க.”

இன்ஸ்பெக்டர் செம்பைக் கீழே வைத்தார். “கதிரா? சாவிக் கதிரா?”

“சாவியவா ஆண்டவருக்குக் கொடுப்பாவ? நல்ல மணிக் கதிரு! இருங்க, காட்டுதேன்.”

பெருமை தாங்காமல் உள்ளே போய்த் தூணிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினார். உமி பறந்தது. அரிசி கையில் நின்றது. அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை தரையைப் பார்த்தார். அப்போதுதான் அப்பாத்துரைக்குத் தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று புரிந்தது.

“வாரும், வயலுக்குப் போவம்” என்றார் இன்ஸ்பெக்டர். கதிர் அவர் கையிலேயே இருந்தது.

வயலில் இஸ்ரவேல் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டபடி நின்றான். சாலோமி அவனுக்குப் பின்னால் நின்றாள். அடுத்த வயல்காரி கோமு தன் கிணற்றடியிலிருந்து இறங்கி வந்தாள். அவளுக்கு ஒரு கிணறு இருந்தது. புருஷன் செத்த பிறகு தம்பியை வைத்துக்கொண்டு கமலை இறைத்து, அந்த ஊரிலேயே அவள் வயல் ஒன்றுதான் பச்சையாக நின்று விளைந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வயலுக்குள் இறங்கி நாலு மூலையிலும் கதிரை உருவித் தேய்த்துப் பார்த்தார். நடுவிலும் பார்த்தார். ஊத ஊத எல்லாம் பறந்தது. வரப்புக்கு ஏறி வந்தபோது சட்டையெல்லாம் வேர்வை.

“வே, இஸ்ரவேல். வயலு முழுச்சாவின்னுதான் தெரியுது. ஆனா கோயில்ல இது இருந்துது. உம்ம பெண்டாட்டி கொடுத்ததாம்.”

கதிரைப் பார்த்ததும் இஸ்ரவேல் பதறி வயலைக் கைகாட்டினான். “அரிவாள் படலய்யா. தாளு அப்படியே நிக்கி. நீங்களே பாத்தியளே.”

“அரிவாளப் பத்தி யாரு கேட்டா? இதுல நெல்லு இருக்கு. இந்த வயல்ல இது விளைஞ்சிருந்தா இது முழுச்சாவி கெடயாது. நான் எழுதிருவேன் வே, எழுத எனக்கு என்ன? நாளைக்கு மேல இருந்து வேற ஒருத்தர் வந்து உபதேசியாருகிட்டத் தண்ணி வாங்கிக் குடிப்பாரு. போன வருஷம் ராதாபுரத்துப் பக்கம் இப்படித்தான் ஆச்சு. ஒருத்தன் வீட்டுல ஒரு மரக்கா நெல்லு இருந்துதுன்னு அந்த ஊரு வஜாவையே ரத்து பண்ணிட்டாவ.”

“ஒரு பிடிதானேய்யா” என்றார் அப்பாத்துரை.

“ஒரு பிடிதான். விளைஞ்சுது, விளையலன்னு ரெண்டே பத்திதான் எனக்குக் கொடுத்திருக்காவ. ஒரு பிடின்னு எழுத அதுல எடம் இல்ல.” அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது அவர் சொன்ன விதத்தில் தெரிந்தது. சாலோமி பக்கம் திரும்பினார். “ஏம்மா, இது இந்த வயல்ல விளைஞ்சதுதானா? அவசரம் இல்ல. நல்லா யோசிச்சு, பைய சொல்லு.”

யோசிக்கச் சொன்னது எதற்கு என்று அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கோமுவுக்கு எல்லோருக்கும் முந்தி விளங்கியது.

“எசமான், அது என் வயலு நெல்லு. கோயிலுக்கு வேணும்னு கேட்டா, நான்தான் கொடுத்தேன். அந்தா நிக்கே, அதுல உள்ளது.”

“நீ அந்தக் கோயிலு ஆளு இல்லையே?”

“சாமிக்குன்னு கேட்டா கொடுக்க மாட்டமா? நீங்க பள்ளிவாசலுக்குக் கேட்டாலும் கொடுப்பேன்.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். “நீ சொன்னா போதாதும்மா. கொண்டுபோயி வச்சவ சொல்லணும். சொல்லும்மா, யாரு வயல்ல விளைஞ்சது?”

சாலோமி அவர் கையிலிருந்த கதிரைப் பார்த்தாள். அந்தக் கதிரில் ஒவ்வொன்றும் எங்கே நின்றது என்று அவளுக்குத் தெரியும். மடைவாயில் எத்தனை, பனை நிழலில் எத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். வாழ்க்கையில் எத்தனையோ சின்னப் பொய்கள் சொல்லியிருக்கிறாள். மாமியாரிடம், கடன்காரனிடம், சபைக் காணிக்கை பிரிக்க வந்தவரிடம்கூட. அதெல்லாம் அவளை உறுத்தியதில்லை. இது வேறு. சபையாருக்கு முன்னால், பீடத்துக்கு முன்னால், என்னுடையது என்று சொல்லிக் கொடுத்த பொருள். அதை இல்லை என்று சொல்வதற்கு வேதத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. மறுதலித்தல். சீஷன் ஒருவன் ஆண்டவரையே தெரியாது என்று சொன்னதற்கு அங்கே அந்த வார்த்தைதான்.

புருஷனைப் பார்த்தாள். சொல்லேண்டி சவமே என்று அவன் ஒரு சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் சத்தம் போடவில்லை. அவளைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் கழுத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

“கோமக்கா வயல்ல விளைஞ்சது” என்றாள்.

“உரக்கச் சொல்லு. கணக்குப்பிள்ளைக்குக் கேக்கணும்.”

“கோமக்கா வயல்ல விளைஞ்சது. எங்க வயல்ல ஒண்ணும் விளையல.”

இன்ஸ்பெக்டர் உபதேசியாரைப் பார்த்தார். “நீரு என்ன சொல்லுதீரு?”

அப்பாத்துரை கையைக் கட்டிக்கொண்டார். “நான் வாங்கி வச்சவன்யா. கொடுத்தவ சொல்லுததுதான் எனக்கும் தெரியும்.”

“எழுதும்வே, முழுச்சாவி” என்றார் இன்ஸ்பெக்டர். கணக்குப்பிள்ளை எழுதினார். கதிரை உபதேசியார் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்டர் குதிரையேறினார். ஏறிய பிறகு சாலோமியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குதிரையைத் தட்டிவிட்டார்.

அவர்கள் குளத்தங்கரையைத் தாண்டுகிறவரை யாரும் அசையவில்லை. தாண்டியதும் இஸ்ரவேல், “ஆண்டவரே!” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மாடுகளை அவிழ்க்க ஓடினான். அந்த ஓட்டத்தைப் பார்த்துக் கோமு வாய்விட்டுச் சிரித்தாள்.

“தப்பிச்சீங்கட்டி. நான் பயந்தே போனேன், நீ எங்க உண்மைய ஒளறிப்போடுவியோன்னு.”

சாலோமி உபதேசியாரிடம் போனாள். “ஐயா, அதத் திரும்பத் தூணுல மாட்டிருங்க.”

அப்பாத்துரை கதிரைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினார். “எல்லாம் என்னால வந்துது. என் வாய்தான் கெட்டுது. உன்னக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியத கெடயாது, மகளே. ஆனா இத இனிமே எப்படி மாட்டுவேன்? உன் பேரச் சொல்லி மாட்டுனா, இப்பம் இங்கன சொன்னது பொய்யாயிரும். கோமு பேரச் சொல்லி மாட்டுனா, அன்னைக்கு ஆண்டவருக்கு முன்னால சொன்னது பொய்யாயிரும். நீயே சொல்லு. என்ன பேரு சொல்லி மாட்ட?”

அவள் யோசித்தாள். அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிசமாகவே தெரியாமல்தான் கேட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கையிலிருந்து கதிரை வாங்கினாள். பனைநார் கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. திரும்பிக் கோமுவிடம் நீட்டினாள்.

“எனக்கு எதுக்குட்டி இது? கோயிலு சாமான்.”

“உன் வயலு நெல்லுலாக்கா.”

“போட்டி கிறுக்கி. வாய்ச்சொல்லுக்குச் சொன்னது. நீ நெகம் பெயரப் பெயரப் பொறுக்குனத நான் பாக்கலன்னா நெனச்ச? வீட்டுக்குக் கொண்டு போ.”

“எங்க வீட்டுக்கு எப்படிக்கா கொண்டுபோக? எங்க வயல்ல ஒண்ணும் விளையலன்னு எழுதிட்டுப் போயாச்சுலா.”

கோமுவின் சிரிப்பு நின்றுவிட்டது. சாலோமியின் முகத்தைப் பார்த்தாள், உபதேசியாரைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை விரித்து, சாலோமி கையிலிருந்து அதை வாங்கிப் பொதிந்துகொண்டு தன் வரப்பில் ஏறிப் போனாள்.

வயலுக்குள்ளிருந்து இஸ்ரவேல் கூப்பிட்டான். “ஏட்டி சாலோமி! அரிவாள எடுத்துட்டு ஓடியா!” அந்த வருஷத்தில் அவன் குரலில் சந்தோஷம் கேட்டது அதுதான் முதல் தடவை. மாடுகள் இரண்டும் அதற்குள் முட்டளவுப் பயிருக்குள் நின்று, தலை தூக்காமல் தின்றுகொண்டிருந்தன. சாலோமி முகத்தைத் துடைத்துக்கொண்டு அரிவாளை எடுக்கப் போனாள்.